மெல்பர்ன் மெர்ரி ஓடைக்கரை: ஊர் மக்கள் வளர்த்த நாட்டுச் செடித் தோட்டத்தில் அரை மணி நேர நடை

கரையோரன்:
ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நாம் எல்லோரும் ராயல் தாவரவியல் பூங்காவுக்கும் கடற்கரைக்கும்தான் கூட்டிப்போகிறோம். மெர்ரி ஓடைக்கரைக்கும் ஒருமுறை கூட்டிப்போங்கள் என்று சொல்லவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

96ஆம் எண் டிராமில் கிழக்கு பிரன்ஸ்விக் கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள். பிளைத் தெருவில் கிழக்குப் பக்கமாக நடந்தால் ஓடைப் பாலம் வரும். அங்கிருந்து ஓடையோரப் பாதையில் வடக்கே திரும்பி சீரீஸ் சுற்றுச்சூழல் பூங்கா வரை நிதானமாக நடந்தால் போதும். குழந்தைகளும் பெரியவர்களும் நடக்கக்கூடிய பாதைதான். சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், இடது ஓரமாகவே நடங்கள்.

முதல் பார்வைக்கு அது தோட்டமாகவே தெரியாது. வரிசை கிடையாது, பாத்தி கிடையாது, வெட்டிவிட்ட வேலி கிடையாது. தண்ணீரோரம் நாணல். அதற்கு மேலே கொத்துக் கொத்தாகப் புல்லும், நீள இலைச் செடியான லொமாண்ட்ராவும். கரைச் சரிவில் பர்சேரியா என்ற முட்புதர், கோடையில் அது வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும்போது வண்டுகளும் பட்டாம்பூச்சிகளும் மொய்க்கும். இடையிடையே கங்காரு ஆப்பிள், கத்தரிக்காயின் பங்காளிச் செடி, அப்படியே கத்தரிப் பூ மாதிரி ஊதாப் பூ. மேலே கறுப்பு வாட்டில், பிளாக்வுட், ஆற்றுச் செங்கம் என்கிற பெரிய யூகலிப்டஸ். தானாக முளைத்த காடு என்றே நினைப்பீர்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் மண்டியிட்டுக் கையால் நட்டவை.

சீரீஸ் இருக்கும் 4.5 ஹெக்டேர் நிலம் முன்பு கல்குவாரி. கல் தீர்ந்ததும் நகரத்துக் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள். 1982இல் அக்கம்பக்கத்து மக்கள் அதை எடுத்துத் திருத்தத் தொடங்கினார்கள். அதற்கும் முன்னால், 1969இல் போட்ட போக்குவரத்துத் திட்டத்தில் இந்த ஓடைப் பள்ளத்தாக்கு வழியே ஒரு விரைவுச்சாலை வரைந்திருந்தார்கள். 1973இல் மாநில அரசு அதைக் கைவிட்டது. கைவிடாமல் போயிருந்தால் இன்று நாம் பேச ஓடையே மிஞ்சியிருக்காது.

சீரீஸ் மட்டுமல்ல. வடக்கே வாலன் பக்கம் தொடங்கி, தெற்கே டைட்ஸ் அருவியில் யாரா நதியோடு சேரும் வரை ஓடைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளம். பல கவுன்சில்களின் எல்லை வழியாக அது ஓடுவதால், அவற்றையும் மக்கள் குழுவையும் சேர்த்து 1989இல் மெர்ரி ஓடை மேலாண்மைக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். ஒரு ஓடைக்கு மேல்கரை ஒரு நிர்வாகம், கீழ்கரை ஒரு நிர்வாகம் என்று இருந்தால் எதுவும் நடக்காது. அதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

நடவு நாளில் கலந்துகொண்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதுங்கள்.

பனங்கூடல்:
கரையோரன் அண்ணை, நல்ல இழை. நான் பிரெஸ்டன் பக்கம் இருக்கிறன். மெர்ரி ஓடை நண்பர்கள் குழுவோட நடவுக்குப் போறனான்.

இஞ்சை கோடை வறட்சி எண்டபடியால் நடவு எல்லாம் மே மாசம் தொடங்கி, குளிர் மழையோடதான். வசந்தம் முடியிறதுக்குள்ள வேர் கீழ இறங்கியிருக்க வேணும். நாற்று ஒரு விரல் நீளக் குறுகின தொட்டியில வரும். மண்ணில குழி எடுத்து, நாற்றைக் கவிழ்த்து எடுத்து வைச்சு, சுத்திவரச் சணல் பாய் விரிச்சு, மூண்டு தடி அடிச்சு, அதுக்கு மேல உறை போடுவம். முயல் கடிக்காது, காத்து அடிக்காது, புல் வெட்ட வாறவைக்கும் செடி எது எண்டு தெரியும்.

விதை எங்க இருந்து எண்டது முக்கியம். குயின்ஸ்லாந்தில இருந்து வந்த அவுஸ்திரேலியச் செடியை இந்த ஓடையில நடமாட்டினம். இந்த ஓடைப் படுகையிலயே மிஞ்சிப் போன பழைய செடிகளில இருந்து விதை எடுத்து நாற்றாக்கித்தான் நடுறது. அந்த விதை இந்தக் கருங்கல் மண்ணுக்கும் இந்தக் குளிருக்கும் பழகின விதை.

ஆனா ஒண்டு சொல்லோணும். நடவுக்கு ஆக்கள் திரளா வருவினம், படம் எடுப்பினம், சொசேஜ் சாப்பிடுவினம். களை பிடுங்கிற நாளுக்கு வாறவை கொஞ்சப் பேர்தான். தோட்டத்தைக் காப்பாத்தினது அந்தக் கொஞ்சப் பேர். நட்டுட்டு விட்டால் ரெண்டு வருசத்தில கிக்குயு புல் மூடிப்போடும்.

கோடநாட்டுக்காரன்:
நான் கோத்தகிரி. இந்த இழையைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு வாட்டில் என்று நீங்கள் ஆசையாக எழுதியிருப்பது எங்கள் ஊரில் சீகை மரம். வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்தது. புல்வெளியை எல்லாம் தின்றுவிட்டது. யூகலிப்டஸ் எங்களுக்குக் கற்பூர மரம், நீங்கள் சொல்வது அதே குடும்பம்.

இன்னொன்று. கிக்குயு புல்லையும் களை என்கிறீர்கள். அது ஆப்பிரிக்காப் புல், இங்கேயும் அதே தொல்லை. கார்ஸ் என்கிற மஞ்சள் பூ முட்புதர் இருக்கிறதா உங்கள் ஓடையில்? ஊட்டிப் பக்கம் மேட்டு நிலங்களில் அதுவும் பரவிக் கிடக்கிறது.

பனங்கூடல்:
கார்ஸ் இருக்கு, அதுவும் கனக்க. ஐரோப்பாவில இருந்து வேலிக்கு எண்டு கொண்டுவந்தது. விதை மண்ணுக்குள்ள பத்து வருசம் இருபது வருசம் எண்டு கிடக்கும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அடியோட வெட்டி, வெட்டின முகத்தில உடனே களைக்கொல்லி மருந்து பூசி, பிறகு ஒவ்வொரு வருசமும் வந்து முளையைப் பிடுங்க வேணும்.

கரையோரன்:
@கோடநாட்டுக்காரன், நீங்கள் தொட்டது இந்தத் தோட்டத்தின் சாரமே. ஒரே மரம் இங்கே ஏன் அடங்கி இருக்கிறது, அங்கே ஏன் அடங்கவில்லை?

இங்கே அதற்குப் பகைவர்கள் இருக்கிறார்கள். விதையைத் தின்னும் சிறு மூக்குவண்டுகள் உண்டு. கிளையில் முடிச்சு முடிச்சாகக் கட்டி வரவைக்கும் பூஞ்சைத் துரு உண்டு. தண்டுக்குள் இருக்கும் புழுவுக்காக மஞ்சள்வால் கறுப்புக் காக்கட்டூக் கிளிகள் பட்டையையே கிழித்துப்போடும். அதனால் கறுப்பு வாட்டில் இங்கே குறுகிய காலம் வாழ்ந்து சாகும் மரம். வெறும் மண்ணில் முதலில் எழுந்து, நைட்ரஜனை மண்ணில் சேர்த்து, நிழல் கொடுத்து, பின்னால் வரும் மரங்களுக்கு இடம் விட்டு விழுந்துவிடும். விழுந்த கட்டையில் பறவையும் பல்லியும் குடியிருக்கும்.

நீலகிரிக்கு விதை மட்டும் கப்பலேறி வந்தது, அதைத் தின்னும் வண்டு வரவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கடைசியில் அந்த மூக்குவண்டையே ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள்.

கோடநாட்டுக்காரன்:
நன்றி. வண்டு விஷயம் எனக்குப் புதிது. இங்கே சீகையை வெட்டினால் அடுத்த மழைக்கே தரையெல்லாம் சீகைக் கன்று கம்பளம் விரித்த மாதிரி முளைக்கும். அரசாங்கம் 2022இல் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை அறிவித்திருக்கிறது, வேலையும் நடக்கிறது. ஆனால் வெட்டும் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, கன்று பிடுங்கும் வேலையோ பத்து வருடத்துக்கு. அதற்கு ஆள் யார்? அதனால்தான் உங்கள் ஓடைக்காரர்கள் மீது பொறாமையாக இருக்கிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். சீகையை முழுக்கவே எதிரியாக்க முடியாது. இங்கே எத்தனையோ வீட்டு அடுப்பு அதன் விறகில்தான் எரிகிறது. கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை என்கிற மலைக்காட்டு மரக் கன்றுகள் முளைத்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த இடங்களில் அவசரமாக வெட்டினால் சோலையும் சேர்ந்து போகும்.

தெருமுனை:
எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். நான் கோபர்க் பக்கம் நிறைய வருடமாக இருக்கிறேன். ஓடைக்கரையில் அருமையான வில்லோ மரங்கள் நின்றன. வெயில் நாளில் குழந்தைகள் அதன் அடியில் விளையாடுவார்கள். களை என்று சொல்லி வெட்டினார்கள். அங்கே இப்போது பிளாஸ்டிக் உறையும் தடியும்தான் நிற்கின்றன. நிழல் வர எத்தனை வருடம்? தண்ணீர் ஓரத்தில் களைக்கொல்லி அடிப்பதையும் பார்க்கிறேன். இயற்கையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு விஷம் தெளிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கரையோரன்:
@தெருமுனை, நிழல் போன வருத்தம் நியாயமானது, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வில்லோ விஷயத்தில் மட்டும் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

வில்லோ இலையுதிர் காலத்தில் மொத்த இலையையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கொட்டும். யூகலிப்டஸ் இலை வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விழும். இந்த ஓடைப் பூச்சிகள் அந்தக் கணக்குக்குப் பழகியவை. மொத்தமாக விழும் இலை அழுகி, தண்ணீரில் இருக்கிற உயிர்வளியை இழுத்துக்கொள்ளும். அதன் வேர் ஓடைக்குள்ளேயே பாய் விரித்து, மண்ணைப் பிடித்து, தண்ணீரைத் திசை திருப்பி எதிர்க்கரையை அரிக்க வைக்கும். ஒடிந்த சுள்ளி ஒன்று மிதந்துபோய் எங்கே ஒதுங்கினாலும் அங்கே ஒரு மரம். விலாங்கு மீன்கள் இந்த ஓடையில் ஏறி வளர்ந்து, குட்டி போட அல்ல, முட்டையிட, பவளக் கடல் வரை போகின்றன. அந்த விலாங்குக்கு வேண்டியது பூச்சி உள்ள தண்ணீர்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வெட்டாமல், பகுதி பகுதியாக, புது மரம் எழுந்த பிறகு அடுத்ததை வெட்டுவதுதான் சரி. வெட்டினாலும் அடிக்கட்டையைப் பிடுங்காமல் விட்டால் கரை நிற்கும். உங்கள் பக்கம் அப்படிச் செய்யவில்லை என்றால் கவுன்சிலிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பனங்கூடல்:
மருந்து விசயம் எங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. அதை ஒளிக்கத் தேவையில்லை. சில பேர் ஒரு துளி மருந்தும் வேண்டாம் எண்டு கையால மட்டும் பிடுங்கினம். சின்ன இடத்துக்கு அது சரிவரும். டிரட் எண்டு ஒரு படர்கொடி, நிழலான ஈரக் கரையில மூடிப் படரும், நாய்க்குட்டியளுக்குத் தோல் சொறி வரும். அதைக் கையாலதான் சுருட்டி எடுக்கிறம். ஒரு கணு விட்டாலும் திரும்ப வரும், அதால திரும்பத் திரும்பப் போகோணும்.

பெரிய மரக்களைக்கு நான் வெட்டிப் பூசுறதை ஏற்கிறன். தெளிக்கிறது வேற, தூரிகையால வெட்டு முகத்தில மட்டும் பூசுறது வேற. தண்ணிக்குப் பக்கத்தில தெளிக்கிறதைக் கண்டால் நானும் கேள்வி கேப்பன். தெருமுனை, களை பிடுங்க ஒருநாள் வாங்கோ. அங்க நிண்டே இதைக் கதைக்கலாம்.

தெருமுனை:
வருகிறேன். ஆனால் வில்லோவைப் பற்றிய என் எண்ணம் அப்படியே மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சமையல்கட்டு:
ஒரு சின்ன சந்தேகம். அந்தப் பாதையோரம் பெருஞ்சோம்புச் செடி ஆளுயரத்துக்கு நிற்கிறதே, விதை பறித்துக்கொள்ளலாமா? வாசனை அருமையாக இருக்கிறது.

பனங்கூடல்:
வேண்டாம் அக்கா. அது இஞ்சை களை, மருந்து அடிச்சிருக்கலாம். அதோட கனக்க இடத்தில கரை எண்டது பழைய குப்பைமேடு. பூ வந்து விதை விழ முன்னம் தலையை வெட்டிக் குப்பைப் பையில போட்டால் பெரிய உதவி.

மயிலாப்பூர் மாடி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறந்தார்கள். கட்டட இடிபாடு கொட்டிய சதுப்பு 58 ஏக்கரை எடுத்து, நம் கடற்கரைக் காட்டுச் செடிகளையும் அலையாத்தியையும் நட்டு மீட்டது. வேலை நன்றாகவே இருந்தது, பறவைகள் வந்தன. ஆனால் நான் போன காலத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே போக முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் ஒரு களை பிடுங்கவும் வழியிருக்கவில்லை. கரையோரன், உங்கள் ஓடையில் யார் வேண்டுமானாலும் இறங்கிப் போகலாம் போலிருக்கிறது. அப்படித் திறந்துவிட்டால் நாசமாகாதா?

கரையோரன்:
நாசமாகும் பகுதிகளும் உண்டு. மழை பெய்தால் சாலைக் குப்பை முழுக்க வடிகால் வழியே ஓடையில்தான் வந்து சேர்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் போனால் ஆளுயரக் கிளைகளில் பிளாஸ்டிக் பை தொங்கும். நாற்றுக்கு ஊன்றிய தடியைப் பிடுங்கி எறிவார்கள். நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். அத்தனையும் இருந்தும், தன் கையால் நட்ட சரிவு என்று நினைப்பவர் ஒருவர் அந்த வழியே தினமும் நடக்கிறார். ஒரு காவலாளியை விட அவர் அதிகம் பார்க்கிறார். புதுக் களை ஒன்று முளைத்ததை அலுவலகம் கண்டுபிடிப்பதற்குள் அவர் பிடுங்கியிருப்பார்.

சென்னையில் சதுப்பு மிகவும் மெல்லிய இடம், ஓரளவு கட்டுப்பாடு தேவைதான். ஆனாலும் கரையின் ஒரு துண்டையாவது அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் ஆசை.

கோடநாட்டுக்காரன்:
புல்வெளி பற்றி ஒன்று கேட்கிறேன். இங்கே சோலைக்கு நாற்றங்கால் வைக்கக் கற்றுக்கொண்டோம். புல்வெளியை மீட்பதுதான் கஷ்டம். மரம் நட்டால் கைதட்டுகிறார்கள், புல் நட்டால் சிரிக்கிறார்கள். தோடர் கோயில் கூரைக்கு வேயும் புல்லே ஈரப் புல்வெளிகளில் தேடி அலைய வேண்டியிருக்கிறது. உங்கள் ஓடையில் புல்லுக்கு என்ன செய்கிறார்கள்?

கரையோரன்:
இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மெல்பர்னுக்கு மேற்கிலும் வடக்கிலும் எரிமலைக் குழம்பு ஆறிய சமவெளி. அதில் மரம் குறைவு, புல்லும் காட்டுப் பூக்களும்தான். ஆடும் உழவும் வீடும் வந்து பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சிய துண்டுகள் மத்திய அரசின் மிக ஆபத்தான நிலைப் பட்டியலில் இருக்கின்றன. ஓடையின் மேல்கரை ஓரங்களில் சில துண்டுகள் தப்பின, பாறை அதிகம் என்பதால் ஏர் இறங்காத இடங்கள்.

அங்கே கங்காருப் புல்தான் ராஜா. அதன் தாவரப் பெயர் தெமெடா ட்ரையண்ட்ரா. கோடநாட்டுக்காரரே, இதே இனப் புல் உங்கள் மலைப் புல்வெளியிலும் இருக்கிறது. மரங்களில் நம் இரண்டு ஊருக்கும் பகை, புல்லில் உறவு.

இந்தப் புல்லை அப்படியே காப்பாற்றி விட்டால் அது தன்னையே மூடிக்கொள்ளும். காய்ந்த தாள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சில வருடங்களில் குருத்து வெளிச்சம் காணாமல் கொத்து அழுகும், இடையில் வளரும் பூச்செடிகளும் போகும். அதனால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எரிக்கிறார்கள். மெல்ல நகரும் தணிந்த தீ. ஃபாக்னரில் பபாபி ஜினனாங் என்ற சிறிய புல்வெளியில் வுருண்ட்ஜெரி மக்களின் நிலப் பராமரிப்புக் குழுவான நாரப்பும் இந்த வேலையில் சேர்ந்து செய்கிறது. இந்த நிலத்துக்குச் சொந்தமான அந்த மக்கள் காலங்காலமாகத் தீ வைத்துப் பராமரித்த புல்வெளிதான் இது.

முர்னாங் என்றொரு கிழங்கு, மஞ்சள் பூ, பெண்கள் தோண்டும் குச்சியால் எடுத்துச் சுட்டுச் சாப்பிட்ட முக்கிய உணவு. 1835இல் ஜான் பேட்மன் என்ற வெள்ளைக்காரக் குடியேறி வுருண்ட்ஜெரிப் பெரியவர்களோடு நில உடன்படிக்கை என்று ஒன்றில் கையெழுத்து வாங்கினான். இந்த ஓடைக்கரையில்தான் அது நடந்தது என்று பலர் கருதுகிறார்கள். பின்னாளில் அந்த மக்களின் தலைவரான வில்லியம் பராக் அப்போது சிறுவன், தான் அங்கே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்த ஆடுகள் முர்னாங்கைக் கிழங்கோடு கிளறித் தின்றன. சில வருடங்களிலேயே உணவு போயிற்று. இப்போது ஓடைக்கரைத் தோட்டங்களில் முர்னாங்கை மறுபடி நடுகிறார்கள். இந்த நடையில் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதைப் பறிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது.

புல் நட்டால் சிரிக்கிறார்கள் என்றீர்கள். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. எரித்த கருந்தரையைப் பார்த்துக் கவுன்சிலுக்குப் புகார் போகும். அதனால் தீ வைப்பதற்கு முன்பே வீடு வீடாகச் சொல்லி, பலகை வைத்து, வசந்தத்தில் பூக்களைக் காட்டக் கூட்டிப்போகிறார்கள்.

கோடநாட்டுக்காரன்:
எங்கள் புல்வெளியில் தீயை இப்போது எல்லோரும் பயத்தோடுதான் பார்க்கிறார்கள், சீகை நிற்கும் இடத்தில் தீ வைத்தால் விதை வெடித்துக் கிளம்பும் என்பதும் உண்மை. ஆனால் பூக்களைக் காட்டக் கூட்டிப்போவது எங்களால் முடியும். பள்ளிப் பிள்ளைகளிலிருந்து தொடங்குகிறோம்.

புதுமனை:
எப்பிங்கில் புது வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் மண் சும்மா கிடக்கிறது, களிமண்ணும் கருங்கல்லும். இந்த ஓடைச் செடிகளில் எதை வைக்கலாம்?

பனங்கூடல்:
அது ஓடைக்கு ஏத்த மண்தான், மாத்தத் தேவையில்லை. கங்காருப் புல், லொமாண்ட்ரா, பர்சேரியா (முள்ளு, பிள்ளையள் விளையாடுற பக்கம் வேண்டாம்), முர்னாங் ரெண்டு. யாரா பெண்ட் பூங்காவுக்குள்ள ஃபேர்ஃபீல்டில உள்ளூர்ச் செடிக் கூட்டுறவு நாற்றங்கால் இருக்கு, சீரீஸ் நாற்றங்காலிலயும் கிடைக்கும். உங்கட இடத்தைச் சொல்லிக் கேளுங்கோ, அந்தப் பகுதி விதையில வந்ததைத் தருவினம். மே மாசம் நடுங்கோ. முதல் கோடைக்கு மட்டும் தண்ணி ஊத்தினால் போதும். கல்லை எல்லாம் அகற்றிப் போடாதேங்கோ, நீலநாக்குப் பல்லிக்கு அதுதான் வீடு.

ஓடைக்கரைக்கு நடக்கப் போறவைக்கும் ஒண்டு: செப்டெம்பர் பிறந்தால் டைகர் பாம்பு வெயிலுக்கு வெளிக்கிடும். பாதையிலயே நடவுங்கோ, புல்லுக்குள்ள இறங்காதேங்கோ, கண்டால் விலகி நிண்டு போகவிடுங்கோ.